வெஸ்டோவர் கப்பலின் கித்தான் தொட்டி

ஆகஸ்ட் 9, 1997 — சனி

இந்த எழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. யார் பார்க்கப் போகிறார்கள், நான்தான். இருந்தாலும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரி கோட்டை விட்டு இறங்கி ஓடுகிறது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பென்சிலை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் கை இவ்வளவுதான் வளைகிறது.

என் பெயர் கஸ்பார் பர்னாந்து.

இதை எழுதிவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷம் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு திரிந்தவன். ஊர் தூத்துக்குடி. கப்பலில் வேலை பார்த்தேன். இப்போது இருப்பது மகன் சாந்தகுமார் வீட்டில், கலிபோர்னியா, டப்ளின்.

பேத்தி ஆன்லினைச் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் விடுவாள் மருமகள் அமலி. துணைக்கு நான். பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பேன். கலாவதி டீச்சர் கோயம்புத்தூர்க்காரர். ஒரு நாள், “ஏனுங் அங்கிள், உக்காந்து கொட்டாவி விடறதுக்கு நீங்களும் ஒரு நோட்டு எடுத்துக்கலாமல்லங்க” என்றார். எடுத்துக்கொண்டேன். குட்டி நாற்காலி, முழங்கால் தாடையில் இடிக்கும். போன மாதம் டெஸ்டில் ஆன்லினுக்கு ஏழு, எனக்கு ஒன்பது. அவள் காரில் அழுதுகொண்டே வந்தாள். எனக்கு வெட்கமே இல்லாத சந்தோஷம்.

ஆகஸ்ட் 10

கை வலிக்கிறது. நல்ல வலி.

ஆகஸ்ட் 17 — ஞாயிறு

இன்று அவளைப் பார்த்தேன்.

மகனோடு வேலை பார்க்கும் மயில்சாமி, சான் ரஃபேலில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினார். எல்லோரும் காரில் போனோம். ரிச்மண்ட் பாலம் ஏறுவதற்கு முன் இடது கைப் பக்கம் பழைய துறை ஒன்று. அங்கே ஒரு கப்பல் கட்டிக் கிடக்கிறது. வெள்ளை பெயிண்ட் உரிந்து, பக்கத்தில் பெரிய சிவப்புச் சிலுவை அழிந்தும் அழியாமலும். ஆனால் அந்த முன் பக்கத்து வளைவு, நடுவில் மாடி மாடியாகப் பயணிகள் வீடு, முன்னும் பின்னும் பளு தூக்கும் இரட்டைக் கம்பங்கள்.

“நிறுத்துலே!” என்றேன்.

“அப்பா, இது ஃப்ரீவே. நிறுத்த முடியாது.”

“அது வெஸ்டோவர்டா. என் கப்பல்.”

“எல்லாக் கப்பலும் ஒரே மாதிரிதாம்ப்பா இருக்கும்.”

“உன் பொண்டாட்டி முதுகைக் காட்டி நின்னா உனக்கு அடையாளம் தெரியாதா?”

அமலி விழுந்து விழுந்து சிரித்தாள். பேரன் ஷைன் காதில் பாட்டு மாட்டியிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. மயில்சாமி வீட்டில் பால் குடித்தேன், என்ன குடித்தேன் என்று தெரியாமல்.

ஆகஸ்ட் 24

நேற்று அமலி லீவு. என்னைத் துறைக்குக் கூட்டிப் போனாள். கேட் பூட்டு. காவல்காரன் மெக்சிகோக்காரன், நல்ல மனுஷன். அமலி கேட்டுச் சொன்னாள்: பெயர் இரண்டு தடவை மாறிவிட்டது. ஒரு தரும ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கி, நோயாளிகளைப் பார்க்கும் கப்பலாக ஓட்டினார்களாம். பிறகு இயந்திரம் போய் இங்கே கிடக்கிறது. அக்டோபரில் இழுத்துக்கொண்டு போய் இந்தியாவில், ஆலங்கில் உடைக்கப் போகிறார்கள். முதல் பெயர் வெஸ்டோவர்தான்.

சாந்தகுமாரிடம் சொன்னேன். “ஓகே ஓகே, நீங்க ஜெயிச்சீங்க” என்றான்.

இவளைப் பற்றி எழுதி வைக்கிறேன். எனக்குத் தெரிந்த வரை.

பெரிய சண்டை முடிந்தபோது இங்கிலாந்தில் கறிக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன். ஆஸ்திரேலியாவில் ஆடும் ஆப்பிளும் குவிந்து கிடக்கிறது. மெரிடித் கம்பெனி என்று ஒன்று, ஒரே அச்சில் நாலு கப்பல் கட்டியது. வெண்டோவர், ஆண்டோவர், வெஸ்டோவர், ஹனோவர். நாங்கள் அக்கா தங்கச்சி என்போம். மேலே பணக்காரப் பயணிகள், நூறு பேருக்குள், எல்லாம் முதல் வகுப்பு. பியானோ, வெள்ளை மேஜைவிரிப்பு. கீழே ஆறு குளிர் அறை, சுவருக்கு ஒரு முழம் கனத்தில் தக்கை. மேல் வீட்டில் மின்விசிறி, கீழ் வீட்டில் பனி. லண்டன், சூயஸ், கொழும்பு, அப்புறம் ஆஸ்திரேலியா. எங்கள் ஆட்கள் கொழும்பில் ஏறுவோம்.

நான் மூத்தவளிலும், இரண்டாமவளிலும், இவளிலும் வேலை பார்த்தேன். ஹனோவரைத் தூரத்தில் பார்த்ததோடு சரி.

அழகாகத்தான் இருந்தார்கள். ஆனால் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒத்துப் போகவே இல்லை. பயணி சொன்ன தேதிக்குப் போய்ச் சேரணும் என்பான். ஆட்டுக்கறி ஏற்ற வாரக்கணக்கில் துறையில் கிடக்கணும். பிறகு பயணிகள் விமானத்தில் போய்விட்டார்கள். கறியைக் கன்டெய்னர் பெட்டிக் கப்பல் கொண்டுபோயிற்று. வெண்டோவரை ஸ்பெயினில் உடைத்தார்கள். ஆண்டோவரைக் கிரேக்கன் வாங்கி, தீப்பிடித்து, தைவானில் வெட்டினார்கள். ஹனோவரும் அங்கேதான். மிச்சம் இவள்.

ஒன்று விட்டுவிட்டேன். இவளில்தான் தொபியாஸ் செத்தான். அதை எழுத இன்னும் கை பழகவில்லை.

செப்டம்பர் 7 — ஞாயிறு

இந்த நாலு கப்பலுக்கும் ஒரு சங்கம் இருக்கிறதாம். பழைய பயணிகள், பழைய ஆபீசர்கள். காவல்காரன் கொடுத்த நம்பரில் அமலி பேசினாள். அக்டோபர் 18 அன்று கப்பல் மேல் தட்டில் கடைசிக் கூட்டம். நாலு கப்பலிலும் வேலை பார்த்து இறந்தவர்கள் பெயரை வாசித்து, தண்ணீரில் மலர்வளையம் விடுவார்கள். சங்கத்துச் செயலாளர் மிசஸ் பெல்லமி, சிறுமியாக வெஸ்டோவரில் வந்தவராம். அவர் எழுதிய கப்பல் சரித்திரப் புத்தகம் தபாலில் வந்தது. வழவழப்பான தாள், நிறையப் படம்.

மத்தியானம் சமையலறையில் அமலி வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். எந்தத் துறையில் கட்டினது, சாப்பாட்டு அறையில் என்ன மரம், எந்தக் கேப்டனுக்குக் கிளி இருந்தது — எல்லாம் இருக்கிறது. எங்களுக்கு ஒரு வரி: ‘சிரித்த முகமுடைய கொழும்பு மாலுமிகள்.’ சரி, சிரித்தோம். தூத்துக்குடி என்று தெரிந்திருக்காது.

அப்புறம் அமலி வாசித்தாள்: “நாலு கப்பலின் குளிர் அறைகளிலும், அத்தனை வருஷத்தில், ஒரு உயிர்கூடப் போனதில்லை என்பது இவற்றின் தனிப் பெருமை.”

“திரும்ப வாசி.”

வாசித்தாள்.

“இன்னொரு தரம்.”

“மாமா, என்னாச்சு மாமா?”

என்னாச்சா? அப்ப தொபியாஸ் யாருலே? ஆட்டுக்கறியா?

செப்டம்பர் 9

இன்று எழுத உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 13 — சனி

வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். இதை இன்று முடிக்கிறேன்.

தொபியாஸ் என் மனைவி அந்தோனியாளின் தம்பி. சங்கு குளிக்கிறவன். தூத்துக்குடிக் கடலடிப் பாரில் அவனைப் போல மூச்சுப் பிடிக்க ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். மற்றவன் கொட்டாவி விடுவான், வெற்றிலை போடுவான். மச்சான் விட்டான் என்றால் வீட்டில் பொண்டாட்டி முகத்தில் விழிக்க முடியாது. அவன் இறங்குவான், நான் பிடிப்பேன். கீழே அவன் ஒரு தரம் இழுத்தால் எனக்குத் தோள்பட்டை வரைக்கும் கேட்கும்.

பிறகு நான்தான் அவனைக் கப்பலுக்குக் கூட்டிப் போனேன். சங்கில் வயிறு நிறையவில்லை.

கப்பலில் எங்களுக்குப் பெயர் கிடையாது. எல்லாரும் பர்னாந்து. கணக்கு எழுதுகிற வெள்ளைக்காரன் நம்பர் போட்டுவிட்டான். நான் பர்னாந்து நாலு. அவன் பர்னாந்து ஏழு.

1959. ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட் துறையில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு கொழும்பு பார்த்து வருகிறோம். ஆப்பிள் பறித்த பிறகும் மூச்சு விடும். இதை அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். மூடின அறையில் அது விட்ட மூச்சு அடியில் தேங்கி நிற்கும். வாசனை கிடையாது. அதனால் ஆள் இறங்கும் முன் ஹேட்ச்சைத் திறந்து — சரக்கறையின் பெரிய வாய் அது — காற்றாட விடணும்.

மூன்றாம் நம்பர் அறையில் குளிர்க்குழாய் ஒழுகுகிறது, போய்ப் பார் என்றார்கள். ஆனால் அந்த ஹேட்ச்சின் மேல்தான் பயணிகளுக்கு நீச்சல் தொட்டி. கித்தானை நாலு பக்கம் இழுத்துக் கட்டி, கடல் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி. தொட்டியைக் காலி பண்ணினால் பிள்ளைகள் ஏமாந்துபோகும். பக்கத்தில் இருக்கிற சின்ன வழியாக இறங்கு என்றான் ஆபீசர். இறங்கினேன். ஏணியின் கடைசிப் படி வரை ஞாபகம் இருக்கிறது.

மற்றது சாரங்கு சொன்னது. எங்களுக்கெல்லாம் தலைவன் அவன். நான் விழுந்ததைத் தொபியாஸ் மேலிருந்து பார்த்தானாம். கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, “மூச்சப் புடிச்சிட்டுப் போயி அத்தானத் தூக்கியாரேன்” என்று இறங்கிவிட்டான். கடல் என்று நினைத்துவிட்டான். கடலில் இறங்க மூச்சு செலவில்லை, காலில் மாட்டின கல் இழுத்துக்கொண்டு போகும். ஏற, கயிறு இழுக்கும். அங்கே ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவில் என்னைப் புரட்டி, அக்குளில் கயிறு கட்டி, தூக்கிவிட்டான். எனக்குக் கட்டியது ஒரு கயிறு. அது மேலே போய்த் திரும்ப வரவேண்டும். அதற்குள் மூச்சு —

அவனுக்குக் கயிறு பிடிக்க வேண்டிய நான், தட்டில் வாயில் நுரை தள்ளிக் கிடந்தேன்.

மறுநாள் கப்பலைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். கித்தானில் சுற்றிக் கடலில் விட்டார்கள். ‘இருதயம் நின்றுவிட்டது’ என்று எழுதிக்கொண்டார்கள். சாகும்போது யாருக்குத்தான் நிற்கவில்லை?

அந்தோனியாள் சாகும் வரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 14

சாந்தகுமாரிடம் சொன்னேன், அந்தக் கூட்டத்தில் உன் மாமன் பெயரையும் வாசிக்கச் சொல்லு என்று.

“அப்பா, அது அவங்க ரீயூனியன். சந்தோஷமா சாப்பிட்டுட்டுப் போக வர்றாங்க. நாம போய் இப்படிச் சொன்னா, கேஸ் போடத்தான் வந்திருக்கோம்னு நினைப்பாங்க. உங்க கிரீன் கார்டு இன்டர்வியூ வேற இருக்கு.”

“பேரு ஒண்ணுதானடா கேக்கேன். துட்டா கேக்கேன்?”

“முப்பது நாப்பது வருஷம் ஆச்சுப்பா. எனக்கு அவரைத் தெரியவே தெரியாது.”

“ஒன் ஞானஸ்நானப் பேரே அவன் பேருதாண்டா! தொபியாஸ் சாந்தகுமார். ஒங்கம்மா வச்சது.”

“தெரியும்ப்பா. பாஸ்போர்ட்ல இருக்கு. டி-ன்னு ஒரு எழுத்து.”

ஒரு எழுத்து. அவ்வளவுதான் மிச்சம். ஏழாம் நம்பர் போய் ஒரு எழுத்தாகிவிட்டான்.

இரவு சாப்பிடவில்லை. அமலி தட்டை மூடி வைத்தாள்.

செப்டம்பர் 27 — சனி

அமலி என்னை மிசஸ் பெல்லமி வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வால்நட் கிரீக். சின்ன வீடு, சுவர் பூராவும் கப்பல்.

நான் கோபமாகத்தான் போனேன். கோபப்பட இடம் கொடுக்காத பொம்பளை. கதவைத் திறந்ததுமே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெஸ்டோவர் மாலுமி ஒருவரை இத்தனை வருஷம் கழித்துப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை என்று கண் கலங்கினார். எனக்கு நாற்காலியில் இன்னொரு மெத்தை. தேநீர், பிஸ்கெட். பேசினதை எல்லாம் அமலி சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர் ஹோபார்ட்டில் பிறந்தவர். பத்து வயதில் அப்பா அம்மாவோடு லண்டன் போனது வெஸ்டோவரில்.

எந்த வருஷம் என்று கேட்கச் சொன்னேன்.

1959.

ஒரு படம் எடுத்து வந்தார். கித்தான் தொட்டி. உள்ளே ஏழெட்டு வெள்ளைப் பிள்ளைகள், தண்ணீரை வாரி இறைக்கிறார்கள். இரட்டைச் சடை போட்டது அவர்.

“இந்தப் பயணத்தில் ஒரு நாள் மறக்கவே முடியாது” என்றாராம். “நீச்சல் போட்டி நடக்கும்போது திடீரென்று எங்களைத் தொட்டியிலிருந்து வெளியே வரச் சொன்னார்கள். ஈரத்தோடு சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப் போய், ஜன்னல் திரையை எல்லாம் இழுத்துவிட்டு, வேண்டிய மட்டும் ஐஸ்கிரீம்! மறுநாளும்! மறுநாள் கப்பல்கூட நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு எதற்குக் காரணம்? என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாள் அதுதான்.”

அமலி முதல் பாதியைச் சொன்னாள். மீதியை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் படத்தைப் பார்த்தேன். பிள்ளைகளின் பாதத்துக்குக் கீழே தண்ணீர், அதற்குக் கீழே கித்தான், அதற்குக் கீழே பலகை, அதற்குக் கீழே —

“சொல்லு அமலி. அந்த ஐஸ்கிரீம் எதுக்குன்னு சொல்லு.”

அமலி ஏதோ பேசினாள். மிசஸ் பெல்லமி சிரித்து, என் தோளைத் தட்டி, இன்னொரு பிஸ்கெட் வைத்தார்.

காரில் கேட்டேன்: “சொன்னியா?”

“சொன்னேன் மாமா.”

“செத்துப்போன சேதி கேட்டவ பிஸ்கெட் வைப்பாளா?”

ஃப்ரீவே ஏறின பிறகு வாய் திறந்தாள். “எங்க மாமாவுக்கும் அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்குன்னு சொன்னேன். வேற எப்படி மாமா சொல்றது? அவ்ளோ சந்தோஷமா இருக்காங்க...”

எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். அவர்கள் சந்தோஷம் கலையக் கூடாது. அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். தொட்டியைக் காலி பண்ண ஆளில்லை.

அக்டோபர் 4

கலாவதி டீச்சர் நோட்டைப் பார்த்தார். ‘தொபியாஸ்’ என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். “பேரனுங்களா அங்கிள்?” என்றார். மச்சினன் என்றேன். “எழுத்து இப்ப கோட்டுல நிக்குதுங்க” என்றார். சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. பட்டேன்.

அக்டோபர் 12

அமலிக்கும் சாந்தகுமாருக்கும் சண்டை. அறைக்குள். என் பெயர் அடிபட்டது.

அக்டோபர் 18 — சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அமலிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. சாந்தகுமார்தான் கார் எடுத்தான். ஆன்லினும் வந்தாள். வழியெல்லாம் வானிலை பேசினான்.

ஏணி ஏறும்போது நடுப்படியில் நின்றேன். வயதால் என்று மகன் நினைத்துப் பிடித்துக்கொண்டான். மேல் தட்டு மட்டும்தான் திறந்திருந்தது. கயிறு கட்டி, ‘இதற்கு மேல் வராதே’ என்று போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரக் கிழவன்கள், கிழவிகள், கோட்டில் சின்னச் சின்னக் கொடி. பேரன் பேத்திகள் ஓடுகிறார்கள். மூன்றாம் நம்பர் ஹேட்ச் மேல் வெள்ளைத் துணி விரித்து மேஜை. மேஜையில் பெரிய ஐஸ் பெட்டி.

மிசஸ் பெல்லமி வந்து என்னை எல்லாரிடமும் காட்டினார். அப்புறம் ஐஸ் பெட்டியைக் காட்டிச் சொன்னார். மகன் தமிழில் சொல்ல வாயெடுத்தான், நிறுத்தினான்.

“என்னலே?”

“ஒண்ணுமில்லப்பா. அந்த 1959 ஞாபகமா, கூட்டம் முடிஞ்சதும் பிள்ளைங்களுக்கு ஐஸ்கிரீமாம். அதே இடத்துல.”

அந்தத் துணி விரித்த பலகையில் கையை வைத்தேன், அவ்வளவுதான். சாந்தகுமார் என் கையைப் பார்த்தான். எவ்வளவு நேரமோ. பிறகு அந்த அம்மாவை ஒரு ஓரத்துக்குக் கூப்பிட்டான். இங்கிலீஷில் பேசினான், மெதுவாக. எனக்கு விளங்கியது ‘அங்கிள்’ என்ற ஒரு சொல்தான். அவன் கை கீழே காட்டியது, ஹேட்ச்சை. பிறகு மேலே, தொட்டி இருந்த இடத்தைக் காட்டியது.

மிசஸ் பெல்லமி வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற ஒரு பழைய ஆபீசர் என்னமோ சொன்னார். மகன் பிறகு சொன்னான்: கம்பெனிப் பதிவில் இருதயக் கோளாறு என்றுதான் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் அச்சாகிவிட்டது, இப்போது சேர்த்தால் மற்ற மாலுமிகளையும் சேர்க்க வேண்டி வரும். வந்தால் என்ன? செத்தவர்கள் இடம் பிடித்துக்கொள்ளவா போகிறார்கள்?

கூட்டம் தொடங்கியது. அந்த அம்மா ஒவ்வொரு பெயராக வாசித்தார். கேப்டன், இன்ஜினியர், சமையல் தலைவர், ஒரு பியானோக்காரர். எங்கள் ஆள் ஒருவன் இல்லை. கடைசிப் பெயர் முடிந்தது. தாளை மடிக்கவில்லை. நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இப்போ சொல்லு. சொல்லு தாயி. மூணு எழுத்து நாலு எழுத்துதான்.

பழைய ஆபீசர் தொண்டையைச் செருமினார்.

தாளை மடித்துவிட்டார்.

மலர்வளையம் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். பிள்ளைகள் மேஜையைப் பார்த்து ஓடின. அங்கே ஐஸ் பெட்டி இல்லை. மிசஸ் பெல்லமி தாமே ஒரு பக்கம் பிடித்து, வேலைக்காரப் பையன் ஒருவன் மறுபக்கம் பிடிக்க, ஏணி வழியாக அதைத் துறைக்குத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகள் அழுதன. ஆன்லினும்தான். “தாத்தா, ஷீ ப்ராமிஸ்ட்!” என்றாள். பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மா யாருக்கும் காரணம் சொல்லவில்லை. திரும்பி மேலே வரவும் இல்லை.

பெயரைச் சொல்லவில்லை. ஐஸ்கிரீமை எடுத்துவிட்டார்.

இதை என்ன என்று எடுத்துக்கொள்வது? பென்சில் நிற்கிறது. நல்லவர்தான். ஆனால் எனக்கு ஐஸ்கிரீம் என்ன செய்தது? பிள்ளைகள் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். நான் கேட்டது அது இல்லை.

அக்டோபர் 24

அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். காவல்காரன் அமலிக்கு போன் பண்ணிச் சொன்னான். கடல் வாசலில் இருக்கும் பொன் பாலத்துக்குக் கீழே போனாளாம், முன்னால் ஒரு இழுவைக் கப்பல், நீளக் கயிறு. நம் நாட்டுக்குப் போய்ச் சேர மாசக்கணக்காகும்.

அவளுக்குக் கயிறு பிடிக்க ஆள் இருக்கிறது.

அக்டோபர் 26

மிசஸ் பெல்லமியிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பொய். எதிர்பார்த்தேன். தபால்காரன் வண்டிச் சத்தம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

நவம்பர் 2 — ஞாயிறு

கல்லறைத் திருநாள்.

இங்கே கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நோட்டு திறந்து வைத்திருக்கிறார்கள். அவரவர் வீட்டில் இறந்தவர்கள் பெயரை எழுத வேண்டும். பூசையில் சாமியார் வாசிப்பார். அமலி அவள் அப்பா பெயரை எழுதினாள். நான் ‘அந்தோனியாள்’ என்று தமிழில் எழுதினேன், என் கையால். அமலி பக்கத்தில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். தொபியாஸுக்கு வரும்போது என் கை நின்றுவிட்டது. அந்தக் கப்பலில் வாங்கின அடி. மறுபடி யாராவது தொண்டையைச் செருமுவார்கள் என்று பயம். பென்சிலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சாந்தகுமார் எழுந்து போனான். குனிந்து எழுதினான். எழுதிவிட்டு அங்கேயே நின்றான். வந்து உட்கார்ந்தவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“என்னலே?”

“இல்லப்பா. தொபியாஸ் பர்னாந்துன்னு எழுதினேன். எழுதி முடிச்சிட்டுப் பாத்தா... என் பேரு. செத்தவங்க நோட்டுல என் பேரை நானே எழுதின மாதிரி இருக்கு.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

சாமியார் பிலிப்பைன்ஸ்காரர். நிறையப் பெயர். ஸ்பானிஷ், சீனம், அயர்லாந்து, எல்லாவற்றையும் ஒரே மாதிரி மென்று வாசித்தார். ‘டோபையஸ் ஃபெர்னாண்டோ’ என்றார். அவர் வாயில் அது எப்படியோதான் இருந்தது. ஆனால் சொன்னார். ஒருவரும் செருமவில்லை. நான் முன் பெஞ்சின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், இழுபடுவதுபோல இருந்தது.

கடல் அவனைக் கொண்டுபோனது ஒரு வருஷம் இரண்டு வருஷத்துக்கு முன்பா? இன்றைக்குப் பெயர் சொன்னதால் என்ன ஆகிவிட்டது? அந்தப் புத்தகத்தில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று. இன்னும் பத்து வருஷம் போனால் அதுதான் உண்மை. அவளையும் வெட்டிவிடுவார்கள், மூன்றாம் நம்பர் அறையைக் காட்டச் சொன்னால் காட்ட ஒன்றும் இருக்காது. இந்தக் கசப்பு எனக்குப் போகாது. போகவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினான். அமலியும் பிள்ளைகளும் உள்ளே போய்விட்டார்கள். அவன் சாவியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“அப்பா.”

“ம்.”

“அவர் எப்படி இருப்பார்? ஆள்?”

இத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சட்டென்று ஒன்றும் வரவில்லை. செத்த கதை வரிக்கு வரி வருகிறது, ஆள் வரவில்லை. “கறுப்பா இருப்பான்” என்றேன். “பெருசாச் சிரிப்பான்.” வேறு? தண்ணீரிலிருந்து ஏறினதும் முதலில் என்ன கேட்பான்? பீடியா, தேத்தண்ணியா? என்ன பாட்டை மாற்றி மாற்றிப் பாடி அந்தோனியாளிடம் திட்டு வாங்குவான்?

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

“எழுதி வைங்கப்பா. நான் படிக்கிறேன்” என்றான். கொஞ்சம் பொறுத்து, “மெதுவாத்தான் படிப்பேன். எனக்கும் தமிழ் விட்டுப்போச்சு.”

பென்சில் சீவி வைத்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்ததும், தொபியாஸின் சிரிப்பிலிருந்து தொடங்கி எழுத வேண்டும். பக்கம் கிழியாமல்.